பசியும் எண்ணெயும்

ஆய்வுகூடமொன்றின் யன்னலோரத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. இரண்டிலும் வளர்வது ஒரே நுண்ணல்கா. இரண்டின்மீதும் படுவது ஒரே வெயில். எனினும் ஒன்றின் நீர் கரும்பச்சையாகத் திரண்டிருக்கின்றது; மற்றையது வெளிறிப் பழுத்த இலையின் மஞ்சளை எய்திவிட்டது. விஞ்ஞானம் பயிலாத ஒருவரை அழைத்து, இவற்றுள் எண்ணெய் மிகுந்தது எதுவென வினவினால், அவர் தயங்காது பச்சைக் குடுவையையே சுட்டுவார். பச்சை என்பது செழுமையின் நிறம். மஞ்சள் என்பது நலிவின் நிறம். வயலையும் தோட்டத்தையும் பார்த்து வளர்ந்த எவரும் அவ்வாறே விடை பகர்வர்.

அந்த விடை தவறானது. இரு குடுவைகளிலிருந்தும் ஒவ்வொரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால், பச்சைக் கலங்களில் எண்ணெய் அருகியே காணப்படும். மஞ்சட் கலங்களிலோ ஒளிவீசும் எண்ணெய்த் துளிகள் கலத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு ஒன்றே. பச்சைக் குடுவைக்கு நைதரசன் உப்பு குறைவின்றிக் கிடைத்தது. மஞ்சட் குடுவையில் அவ்வுப்பு சில நாட்களுக்கு முன்னரே தீர்ந்துபோயிற்று. உண்டு வளர்ந்த உயிர் மெலிந்திருக்க, பசித்த உயிர் கொழுத்திருக்கின்றது.

இம்முரண்பாடு புதியதன்று. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகள் இதனை அறிந்துள்ளனர். அதன்மீது எழுப்பப்பட்ட நம்பிக்கைகளோ பல. பசியைக் கொண்டே எரிபொருள் விளைவிக்கலாம் என்ற எண்ணம் அவற்றுள் தலையாயது. அவ்வெண்ணம் எவ்வாறு பிறந்தது, எங்கே தடுமாறிற்று, அத்தடுமாற்றம் எதனைக் கற்பித்தது என்பவை விஞ்ஞான பீடத்தாருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. குறைவையும் நிறைவையும் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் அவை உரியனவே.

நுண்ணல்காக்கள் என்பவை வேரோ, தண்டோ, இலையோ அற்ற, பெரும்பாலும் ஒரே கலத்தாலான உயிர்கள். குளத்து நீரிலும் கடல்நீரிலும் ஈரமான மண்ணிலும் இவை வாழ்கின்றன. தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாவிடினும், இவற்றின் பணி சிறியதன்று. பூமியில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு கடலில் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களாலேயே நிகழ்கின்றது. குளோரெல்லா என்னும் பச்சை அல்காவை ஒல்லாந்து நாட்டு நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க் 1890ஆம் ஆண்டில் தனித்துப் பிரித்தெடுத்தார். 1919இல் ஜேர்மனிய அறிஞர் வாபேர்க் ஒளித்தொகுப்பை ஆராய்வதற்கு அதனையே கருவியாகக் கொண்டார். அன்றுதொட்டு அது ஆய்வுகூடங்களின் நெற்பயிர் போலாயிற்று எனலாம்.

எந்தப் பயிரையும் போலவே அல்காவுக்கும் உணவு வேண்டும். காபனை அது காபனீரொட்சைட்டிலிருந்து பெறுகின்றது. நைதரசன், பொசுபரசு, கந்தகம், பொற்றாசியம், மகனீசியம், இரும்பு முதலியவற்றை நீரில் கரைந்த உப்புக்களிலிருந்து பெறுகின்றது. இவற்றுள் எது தேவைக்கு மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வளர்ச்சியின் எல்லையை விதிக்கும். ஜேர்மனிய இரசாயனவியலாளர் இலீபிக்கின் பெயரால் 19ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் இவ்விதி, சமமற்ற பலகைகளாலான ஒரு பீப்பாவை உவமையாகக் கொள்வது வழக்கம். மற்றப் பலகைகள் எத்துணை உயர்ந்திருப்பினும், குட்டையான பலகையின் மட்டத்துக்கு மேல் நீர் நில்லாது. கடலின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த அமெரிக்கர் ரெட்பீல்ட், அவற்றின் உடலில் காபன், நைதரசன், பொசுபரசு ஆகிய அணுக்கள் சராசரியாக 106க்கு 16க்கு 1 என்னும் விகிதத்தில் அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அல்காவின் சமையற்குறிப்பு இதுவெனின் மிகையாகாது.

போசணை கூடக் கூட வளர்ச்சியும் கூடுமா எனின், ஓர் எல்லைவரையே கூடும். மிகக் குறைந்த செறிவில் சிறிதளவு நைதரசன் சேர்த்தாலும் வளர்ச்சி விரைந்து ஏறும். பின்னர் ஏற்றம் தளரும். இறுதியில் எவ்வளவு சேர்ப்பினும் வேகம் மாறாது. அதற்கப்பால் ஒளியோ காபனோ குட்டைப் பலகையாகிவிடும். அமோனியா போன்ற சில பொருட்கள் அளவு கடந்தால் நஞ்சாகவும் மாறும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சென்னும் பழமொழி ஒற்றைக் கலத்துக்கும் பொருந்துகின்றது.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. கலத்தின் வளர்ச்சி அதனைச் சூழ்ந்த நீரில் உள்ள போசணையினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஸ்கொத்லாந்தின் மில்போட் கடலாய்வு நிலையத்தில் பணியாற்றிய ட்ரூப், கடல் அல்காவொன்றுக்கு உயிர்ச்சத்து பி12ஐ அளந்து ஊட்டி, 1968இல் ஒரு முடிவை வெளியிட்டார். கலம் தனக்குள் ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் இருப்பே அதன் வளர்ச்சி வேகத்தை நிர்ணயிக்கின்றது என்பதே அது. நீரில் உணவு தீர்ந்த பின்னரும் கலம் சிலகாலம் பிரிந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் தாய்க்கலத்தின் இருப்பு மகட்கலங்கள் இரண்டுக்கும் பங்கிடப்படும். இனிப் பங்கிட முடியாது என்னும் அளவுக்கு அது சுருங்கும்போதே பிரிவு நிற்கும். பசி வெளியில் தொடங்குவது ஒரு நாள். கலத்தின் உள்ளே உணரப்படுவது வேறொரு நாள்.

அந்த இரண்டாவது நாளில்தான் எண்ணெயின் கதை தொடங்குகின்றது. நைதரசன் இல்லாமற் புரதம் இல்லை, நியூக்கிளிக்கமிலமும் இல்லை, பச்சையமும் இல்லை. ஆகவே புதிய கலத்தைக் கட்ட இயலாது. ஆயினும் வெயில் ஓயவில்லை. ஏற்கெனவே உள்ள பச்சையம் ஒளியைப் பற்றிக்கொண்டே இருக்கின்றது; காபனீரொட்சைட்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றது. வீடு கட்டுவதற்குக் கல் இல்லை. மரமோ வந்து குவிகின்றது. அம்மரத்தை எங்கேனும் அடுக்கிவைத்தல் வேண்டும். கலம் அதனை மாப்பொருளாகவும் எண்ணெயாகவும் அடுக்கிவைக்கின்றது. எண்ணெயின் மூலக்கூறு காபன், ஐதரசன், ஒட்சிசன் என்ற மூன்றினால் மட்டும் ஆனது. அதில் நைதரசனும் இல்லை, பொசுபரசும் இல்லை. இல்லாத பொருளை வேண்டாது, இருக்கும் பொருளைக் கொண்டு ஆக்கக்கூடிய சேமிப்பு அதுவே.

இச்செயல் சேமிப்பு மட்டுமன்று, தற்காப்பும் ஆகும். பற்றிய ஒளியின் சக்தி செலவிடப்படாது தேங்கினால், அது கலத்தின் உறுப்புக்களையே சிதைக்கும். கொழுப்பமிலத்தை ஆக்குவதற்கு அச்சக்தி மிகுதியாகத் தேவைப்படுவதால், எண்ணெய் ஒரு வடிகாலாகவும் அமைகின்றது. அதேவேளையில் கலம் தன் பச்சையத்தைத் தானே சிதைத்து அதிலுள்ள நைதரசனை வேறு தேவைகளுக்கு மீட்டுக்கொள்கின்றது. குடுவை மஞ்சளாவது இதனாலேயே. கண்ணுக்கு நலிவாகத் தோன்றுவது கலத்தின் உள்ளே நடைபெறும் கடுஞ்சிக்கனம்.

நைதரசன் ஒன்றே இவ்விளைவைத் தருவதன்று. பொசுபரசு குன்றினும் எண்ணெய் திரளும். அப்போது சில அல்காக்கள் தம் மென்சவ்வுகளில் உள்ள பொசுபரசுக் கொழுப்புக்களை அகற்றி, கந்தகம் முதலியவற்றைக் கொண்ட வேறு கொழுப்புக்களை அவற்றினிடத்தில் வைக்கின்றன. சிலிக்காவினால் சுவரெழுப்பும் தயற்றங்களுக்குச் சிலிக்கன் தீர்ந்தால், சில மணி நேரங்களுக்குள்ளேயே காபன் எண்ணெயின் பக்கம் திரும்பத் தொடங்குகின்றது. இனத்துக்கு இனம் வேறுபாடும் பெரிது. சிஃப்ரின், சிசோம் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், நைதரசனை இழந்த பச்சை அல்காக்களின் கொழுப்பு இரண்டு மூன்று மடங்காக உயர்ந்தது. தயற்றங்களோ ஒருநெறிப்படாமல் சில உயர்ந்தும் சில தாழ்ந்தும் காணப்பட்டன. குறைவினாலன்றி மிகுதியினாலும் எண்ணெய் கூடலாம் என்பதற்கும் சான்று உண்டு. குளோரெல்லா வல்காரிசு என்னும் இனத்துக்கு இரும்பைக் கூட்டிக் கொடுத்தபோது, அதன் கொழுப்பு உலர்நிறையில் 56.6 சதவீதம்வரை உயர்ந்ததாகச் சீன ஆய்வாளர் 2008இல் அறிவித்தனர். எனவே பசித்தால் எண்ணெய் என்பதை எல்லா உயிர்க்கும் எல்லாப் பொருட்கும் பொதுவிதியாகக் கொள்ளல் தகாது. ஆயினும் பச்சை அல்காக்களையும் நைதரசனையும் பொறுத்தமட்டில் அது உறுதியானதே.

இதனைப் பயன்கொள்ள முதலில் முனைந்தது போர்க்காலம். கொழுப்புக்குத் தட்டுப்பாடு நிலவிய ஜேர்மனியில் ஹார்டர், பொன் விற்சு ஆகிய இருவர், தயற்றங்களைப் பெருமளவில் வளர்த்துக் கொழுப்புப் பெறலாமெனும் கருத்தை 1942இல் வெளியிட்டனர். போர் முடிந்து சில ஆண்டுகளில், அமெரிக்காவின் கார்ணெகி நிறுவகத்தைச் சேர்ந்த ஸ்போர், மில்னர் என்போர் 1949இல் ஒரு நீண்ட ஆய்வுக்கட்டுரையை எழுதினர். வளர்ப்புச் சூழலை, சிறப்பாக நைதரசனின் அளவை, மாற்றுவதன் மூலம் குளோரெல்லாவின் கொழுப்பை உலர்நிறையில் 4.5 சதவீதத்திலிருந்து 85 சதவீதத்துக்கு மேல்வரை மாற்றலாம் என அவர்கள் காட்டினர். ஒரே உயிர், உணவை மாற்றினால் அது புரதப் பண்டமாகவோ எண்ணெய்ப் பண்டமாகவோ ஆகும். 85 என்னும் அவ்வெண் படிப்போரின் உள்ளத்தில் பதிந்ததில் வியப்பில்லை. எள்ளிலும் தேங்காய்க் கொப்பறையிலும் காணமுடியாத வீதம் அது.

ஆனால் அக்கட்டுரையிலேயே எச்சரிக்கையும் அடங்கியிருந்தது. அத்துணைக் கொழுப்பை எய்திய வளர்ப்புக்கள் மிக மெதுவாகவே அதனை எய்தின. எண் நினைவில் நின்றது, வேகம் மறக்கப்பட்டது.

1950களில் எண்ணெய் மலிவாக இருந்தது. ஆகவே அல்காவை உணவாகக் கருதும் முயற்சிகளே முன்னின்றன. 1973இல் எண்ணெய் விலை ஏறி உலகம் அதிர்ந்தபின் நிலை மாறிற்று. 1978ஆம் ஆண்டில் அமெரிக்கச் சக்தித் திணைக்களம் நீர்வாழ் இனங்களிலிருந்து எரிபொருள் பெறும் ஆய்வுத் திட்டமொன்றை ஆரம்பித்தது. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் அமைந்த சூரியசக்தி ஆய்வு நிறுவகம் அதனை நடத்தியது. 18 ஆண்டுகள் நீடித்த அத்திட்டத்துக்குச் செலவான தொகை ஏறத்தாழ 25 மில்லியன் டொலர். உவர்நீர்க் குட்டைகளிலிருந்தும் கடலோரங்களிலிருந்தும் 3000க்கு மேற்பட்ட அல்கா மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, அவற்றுள் 300 அளவில் தெரிந்தெடுக்கப்பட்டன. நியூ மெக்சிக்கோவின் றொஸ்வெல் நகரில் தலா 1000 சதுர மீற்றர் பரப்புள்ள இரு தடாகங்கள் அமைக்கப்பட்டன. சிற்சில நாட்களில் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராம்வரை விளைவு கிடைத்தது. ஆனால் அப்பாலைநிலத்தின் குளிர் அவ்விளைவை நிலைக்கவிடவில்லை.

1996இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 1998இல் வெளிவந்த அதன் இறுதி அறிக்கை, பசியைப் பற்றிய நம்பிக்கைக்கு வெளிப்படையாகவே விடை கூறிற்று. போசணையைக் குறைத்தால் கலத்தினுள் எண்ணெயின் வீதம் உயர்கின்றது என்பது உண்மை. ஆனால் கலங்கள் பெருகுவது நின்றுவிடுவதால், தடாகத்திலிருந்து கிடைக்கும் எண்ணெயின் மொத்த அளவு உயர்வதில்லை. பசி ஒரு கையால் தந்ததை மறு கையால் எடுத்துக்கொண்டது.

இதனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். உணவு நிறைந்த ஒரு தடாகம் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அல்காவைத் தருகின்றது எனவும், அதில் எண்ணெய் 20 சதவீதம் எனவும் வைத்துக்கொண்டால், எண்ணெய் 5 கிராம். நைதரசன் அற்ற மற்றொரு தடாகத்தில் எண்ணெய் 60 சதவீதமாக உயர்ந்திருக்க, வளர்ச்சி 6 கிராமுக்கு வீழ்ந்திருப்பின், எண்ணெய் 3.6 கிராமே. வீதத்தை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டாவது தடாகம் மூன்று மடங்கு வளமுடையது. எண்ணெயை அளந்து எடுப்போர்க்கோ அது வறியது. வீதம் என்பது எதன் வீதம் என்று கேளாதவர் ஏமாறுவர். இது அல்காக்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. புள்ளிவிபரங்களைக் கையாளும் பொருளியல் மாணவரும் புவியியல் மாணவரும் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பசியின்றியே எண்ணெயைக் கூட்டவியலாதா என்ற வினா அடுத்து எழுந்தது. அத்திட்டத்தின் ஆய்வாளர்கள், சைக்குளோத்தெல்லா கிரிப்டிக்கா என்னும் தயற்றத்தில் கொழுப்பமில ஆக்கத்தின் முதற்படியை நடத்தும் நொதியத்தை இனங்கண்டு, அதற்குரிய பரம்பரையலகையும் பிரித்தெடுத்தனர். அப்பரம்பரையலகின் மேலதிகப் பிரதிகளைத் தயற்றத்தினுள் புகுத்தியபோது நொதியத்தின் செயல் கூடிற்று, எண்ணெய் கூடவில்லை. வாயிலை அகலத் திறந்தால் மட்டும் கூட்டம் வந்துவிடாது என்பதை அச்சோதனை உணர்த்திற்று. உயிரின் வரவுசெலவுத் திட்டத்தை ஓரிடத்தில் மட்டும் திருத்த முடியாது.

இதற்குப் பின்னரே காலம் என்பது கணக்கினுள் வந்தது. இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள் நனோகுளோரொப்சிஸ் என்னும் கடல் அல்காவை வெளிவெயிலில் 110 இலீற்றர் கொள்ளும் பலகை வடிவக் கலன்களில் வளர்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலில் நைதரசனைக் குறைவின்றி ஊட்டி வளர்த்தனர். பின்னர் அதனை நிறுத்தினர். கொழுப்பு 32 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. அதனிலும் முக்கியமானது, ஓர் இலீற்றரில் நாளொன்றுக்குக் கிடைத்த கொழுப்பு 117 மில்லிகிராமிலிருந்து 204 மில்லிகிராமாக உயர்ந்தமையாகும். இங்கே வீதமும் கூடியது, அளவும் கூடியது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? பசியன்று, பசிக்கு முன்னர் அளிக்கப்பட்ட நிறைவே. நன்கு ஊட்டப்பட்ட கலத்தில் பச்சையம் நிறைந்திருந்தது, நொதியங்கள் நிறைந்திருந்தன, ட்ரூப் கூறிய உள்ளிருப்பு நிறைந்திருந்தது. உணவு நிறுத்தப்பட்டபோது, அவ்வுடல் சிலநாட்கள் ஒளியைப் பற்றி உழைத்து எண்ணெய் திரட்ட வல்லதாயிருந்தது. தொடக்கம் முதலே பட்டினியிலிட்ட வளர்ப்பு அவ்வாறு செய்யாது. அது பெருகவும் மாட்டாது, பெருகாத சிலவற்றிலிருந்து கிடைக்கும் எண்ணெயும் சிறிதே. பசி நீண்டாலும் பயனில்லை. பச்சையம் சிதைந்து ஒளித்தொகுப்பே நின்றுபோம். எண்ணெயைத் தந்தது குறைவு என்பதைவிட, நிறைவில் வளர்ந்த உடல் குறைவை எதிர்கொண்ட குறுகிய காலம் தந்தது என்பதே பொருத்தமாகும்.

பரம்பரையலகு ஆய்வும் ஓயவில்லை. 2009இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்சன்மொபிலும் சிந்தெற்றிக் ஜினோமிக்சு நிறுவனமும் கைகோத்தன. நனோகுளோரொப்சிசில் ஒரு கட்டுப்பாட்டுப் பரம்பரையலகின் செயலைத் தணித்தபோது, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெய் ஏறத்தாழ இரட்டித்ததாக அவற்றின் ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தனர். பசியுணர்வின் ஒரு பகுதியைப் பசியின்றியே எழுப்பிய செயல் அது. இருந்தும் அவ்வெண்ணெய் நிறுவனம் அம்முயற்சிக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது என்ற செய்தி 2023இல் வெளிவந்தது. ஆய்வுகூடத்துக்கும் எரிபொருள் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் கடக்கப்படவில்லை.

அத்தூரத்தின் பெரும்பகுதியை அடைத்து நிற்பதும் போசணையே. உணவு நிறைந்த அல்காவின் உலர்நிறையில் நைதரசன் 7 சதவீதம் எனவும், எண்ணெய் 30 சதவீதம் எனவும் கொள்க. ஒரு தொன் எண்ணெய்க்கு 3.3 தொன் அல்கா வேண்டும். அதற்கு நைதரசன் மட்டும் ஏறத்தாழ 230 கிலோகிராம் வேண்டும். பசித்த கலங்களில் இத்தேவை ஓரளவு குறையும். பசியின் மெய்யான இலாபம் அங்கேயே உள்ளது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2012இல் இதனை நாட்டளவில் கணித்தது. போக்குவரத்து எரிபொருளில் ஏறத்தாழ 5 சதவீதமான 39 பில்லியன் இலீற்றரை அல்காவிலிருந்து பெறுவதாயின், போசணையை மீட்டுப் பயன்படுத்தாவிடத்து, 6 முதல் 15 மில்லியன் தொன் நைதரசன் தேவைப்படும். அது அந்நாட்டின் மொத்த நைதரசன் பாவனையில் 44 முதல் 107 சதவீதமாகும். அந்நைதரசனோ, 1913இல் ஜேர்மனியின் ஒப்போ நகரில் தொழிற்சாலை வடிவம் பெற்ற ஹேபர், பொஷ் முறையினால் காற்றிலிருந்து பிரிக்கப்படுவது. பெரும்பாலும் இயற்கை வாயுவைச் செலவிட்டே ஆக்கப்படுவது. எரிபொருளை விளைவிக்க எரிபொருளை உரமாக இடவேண்டியுள்ளது.

இதற்கு வழி இல்லாமலில்லை. எண்ணெயில் நைதரசனும் பொசுபரசும் இல்லை என்பது முன்னர் கூறப்பட்டது. எனவே எண்ணெயைப் பிழிந்தெடுத்தபின் அவை முழுவதும் பிண்ணாக்கிலேயே எஞ்சுகின்றன. அவற்றை மீட்டுத் தடாகத்துக்கே அளிக்க முடியுமாயின், கோட்பாட்டளவில் வெயிலும் காபனீரொட்சைட்டும் நீருமே செலவாகும். நகரக் கழிவுநீரில் வீணாகும் நைதரசனும் பொசுபரசும் மற்றொரு வழி. கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒஸ்வால்ட் 1950கள் முதலே கழிவுநீரை அல்காத் தடாகங்களால் சுத்திகரிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஏரியிற் கலந்து அதனைப் பாழாக்கும் பொருள் தடாகத்தில் பயிருக்கு உரமாகின்றது. எண்ணெய் கிடைப்பினும் கிடையாவிடினும் நீர் தூய்மையடைவது உறுதி.

உரத்தையும் எரிபொருளையும் வெவ்வேறு பொருள்களாகவே கருதிப் பழகியவர்கள் பலர். இலங்கையின் இன்றைய மாணவர் தலைமுறையோ அவ்விரண்டின் தட்டுப்பாட்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளிற் கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை நவம்பரில் கைவிடப்பட்டது. அதற்குள் பெரும்போகத்துப் பயிர் உரமின்றி நின்றது. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வயல்களில் வெளிறிய நெல்லின் மஞ்சளும், ஆய்வுகூடக் குடுவையின் மஞ்சளும் ஒரே காரணத்தால் வருபவை. நைதரசன் இன்றேல் இரண்டும் தம் பச்சையத்தை இழக்கும். ஆனால் நெல் எண்ணெய் திரட்டுவதில்லை. அதன் குறைவு குறைந்த விளைச்சலாகவே களத்துக்கு வந்தது. அப்போகத்தின் அறுவடை பெரிதும் வீழ்ந்தது.

வறுமை மனிதரை உழைக்கச் செய்யும் என்றும், நெருக்கடி ஆற்றலை வெளிக்கொணரும் என்றும் கூறுவோர் எக்காலத்தும் உளர். சிக்கனத்தைப் பிறர்க்கு விதிப்போர் வாயில் அக்கூற்று இனிதாகவே ஒலிக்கும். நுண்ணல்காவையும் அவர்கள் தமக்குச் சான்றாக அழைக்கக்கூடும். பசித்ததும் கொழுத்த உயிரன்றோ அது. ஆனால் அச்சாட்சியை முழுமையாகக் கேட்டல் வேண்டும். பசிக்கு முன்னர் எத்தனை நாள் அதற்கு உணவு அளிக்கப்பட்டது, பசி எத்தனை நாள் நீடித்தது, அதன்பின் எத்தனை கலங்கள் எஞ்சின என்ற மூன்று வினாக்களையும் கேட்டபின்பே தீர்ப்புக் கூறுதல் முறை. மனித சமூகம் அல்காக் குடுவையன்று; எனினும் உவமையை எடுத்தாள்வோர் அதனை அரைகுறையாக எடுத்தாளலாகாது.

யன்னலோரத்தில் இரு குடுவைகளும் இன்னும் இருக்கின்றன. மஞ்சட் குடுவையில் எண்ணெய் இருக்கின்றது. ஆனால் அம்மஞ்சட் குடுவையும் சில நாட்களுக்கு முன்னர் பச்சைக் குடுவையாகவே இருந்தது. அந்நாட்களில் அதற்கு இட்ட உப்பே இன்று எண்ணெயாகத் தெரிகின்றது. நாளை அதற்கு மீண்டும் சிறிது நைதரசன் இட்டால், கலங்கள் தாம் சேர்த்த எண்ணெயைச் செலவிட்டுப் பச்சையத்தைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் பிரியத் தொடங்கும். அவை எண்ணெயைச் சேர்த்தது அந்த நாளுக்காகவே.